சேவலுக்குப் போன வண்டி

மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் அக்கறை கொண்ட அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இங்கிலாந்தின் கென்ட் சீமையில் உள்ள, ரோமானி நாடோடிகளின் மரபு அருங்காட்சியகத்தின் நிறுவனரும் இயக்குநரும் தலைமைக் காப்பாளரும், ஞாயிற்றுக்கிழமைகளில் கழிவறைப் பொறுப்பாளருமான திருவாளர் லியாண்டர் ஸ்கேம்ப் அவர்கள், அருங்காட்சியகத்தின் மணிமகுடமான தம் தகப்பனாரின் வண்டியை இன்று முற்பகல் ஒரு குட்டைச் சேவலுக்கு மாற்றிக்கொண்டார்.

மாற்றிக்கொண்ட விஷயம் அவருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

அருங்காட்சியகம் என்றதும் பளிங்குத் தரையையும் தூண்களையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் ஆப்பிள் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்த தகரக் கொட்டகை. மழை பெய்தால் விளக்கவுரை கேட்காது. உள்ளே வில்லாக வளைந்த துணிக்கூரை போட்ட பயண வண்டி ஒன்று, சேணங்கள், செப்புக் கெட்டில்கள், லியாண்டரின் மனைவி டிரெனிட் மனமில்லாமல் இரவல் கொடுத்த தங்க விளிம்புத் தட்டுகள். எல்லாவற்றுக்கும் நடுவில், சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகை வைத்து, ஒரு குடும்பமே குடியிருந்து ஊர் ஊராகப் போன அப்பாவின் வண்டி. மேலே போகப் போக வெளிப்பக்கம் சாயும் சுவர்கள், ஆள் உயரச் சக்கரங்கள், பச்சை வண்ணத்தின் மேல் தங்கத்தில் திராட்சைக் குலைகள். அதைப் பார்க்கும்போதெல்லாம் லியாண்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். யாரும் இல்லாத வேளைகளிலும் கழற்றுவார் என்று டிரெனிட் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிறு காலைக் காட்சிக்கு முதியோர் சங்கம் ஒன்று பேருந்தில் வந்து இறங்கியிருந்தது. லியாண்டர் மரபு உடையில் நின்றார். பட்டுக் கழுத்துத்துணி, பித்தளைப் பொத்தான் வைத்த அரைக்கோட்டு, பளபளக்கும் பூட்ஸ். மற்ற நாட்களில் முழங்கால் தொங்கிப்போன டிராக் பேண்ட்தான். மூக்குக்கண்ணாடி மரபில் சேராது என்பதால் அதைக் கழற்றி டிராயரில் வைத்திருந்தார். எதிரில் இருந்த கூட்டம் அவருக்கு வேகவைத்த உருளைக்கிழங்குகளின் வரிசையாகத் தெரிந்தது.

"பெரியோர்களே!" என்றார். விளக்கவுரைக்கென்று அவரிடம் ஒரு தனிக்குரல் உண்டு. வீட்டில் அந்தக் குரலை எடுத்தால் டிரெனிட் எழுந்து போய்விடுவாள். "எங்கள் மக்கள் காகிதத்தை நம்புவதில்லை. முத்திரையை நம்புவதில்லை. வக்கீலை நம்பவே நம்புவதில்லை. பேரம் படிந்ததும் உள்ளங்கை மேல் உள்ளங்கை ஓர் அறை! அதன் பிறகு வானம் இடிந்து விழுந்தாலும் பேச்சு மாறாது. ஒரு ரோமானி அறைந்தது அறைந்ததுதான்! இதைச் செய்து காட்ட உங்களில் ஒருவர் வேண்டும்."

பின்வரிசையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கு முன்னால் வந்தது. அதன் கையில் கூடை இருந்தது.

"ஐயா, கூடையில் என்ன?"

"சேவல்."

"அருமை! இதோ என் தந்தையாரின் வண்டி. அதோ உங்கள் சேவல். பேரத்தை ஆரம்பியுங்கள்."

"வண்டி சுமார்தான். சக்கரத்துல பூச்சி அரிச்ச மாதிரி இருக்கு," என்றார் கிழவர்.

கூட்டம் சிரித்தது. லியாண்டருக்கு உச்சி குளிர்ந்தது. இத்தனை நன்றாக ஒத்துழைக்கும் பார்வையாளர் இதுவரை வாய்த்ததில்லை. சேவலின் கொண்டை வெளுத்திருக்கிறது என்றார். கோபித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். தொப்பியைத் தரையில் எறிந்தார், எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கடைசியில் கையை உயர்த்தி ஓங்கி ஓர் அறை. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. முதியோர் சங்கம் எழுந்து நின்று கைதட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிற்று.

கிழவர் மட்டும் போகவில்லை. சேவல் கூடையை லியாண்டரின் காலடியில் வைத்துவிட்டு, சிவப்புக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அதைத் தொடக் கூடாது."

"என் வண்டியை நான் தொடாம வேற யாரு தம்பி தொடறது?"

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. லியாண்டர் டிராயரைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

எசேக்கியா பென்ஃபோல்ட். தன் கல்யாணத்துக்குப் போகும் வழியில் குதிரையை விற்று, மாதா கோயில் வாசலை அடைவதற்குள் அதே குதிரையை லாபத்தில் திரும்ப வாங்கியவர். எண்பது தாண்டியும் சந்தைகளில் அவர் எதிரில் வந்தால் பாதிப் பேர் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார்கள்.

"மாமா! நீங்களா? கண்ணாடி இல்லாம தெரியல. அது சும்மா, காட்சிக்காக..."

"காட்சிக்கா? அறைஞ்சது அறைஞ்சதுதான்னு மார்ல தட்டிச் சொன்னியே, அதுவும் காட்சிக்கா?"

"இல்ல மாமா, அது நிஜம். ஆனா இந்த அறை..."

"சரி, விடு. பெரிய மனுஷன் சொல்றே. நான் கட்டாயப்படுத்தல." கிழவர் கயிற்றைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார். "குதிரைச் சந்தைல யாராவது கேட்டா, ஸ்கேம்ப் பையனோட கை விளையாட்டுக் கைன்னு சொல்லிடறேன். தெரிஞ்சுக்கட்டும். நல்லதுதானே?"

லியாண்டர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு ரோமானியின் கை விளையாட்டுக் கை என்று பெயர் வாங்கிவிட்டால், அப்புறம் அவன் எந்தச் சந்தைக்கும் போக வேண்டாம். தபாலில் பொருள் வாங்கிப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் வண்டி? அந்த வண்டியின் படியில் உட்கார்ந்துதான் அப்பா அவருக்கு முதன்முதலில் கடிவாளம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

டிரெனிட் தேநீர்த் தட்டோடு வந்தாள். கூடையைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"சேவல்."

"தெரியுது. யாரோடது?"

"நம்மோடது."

"எதைக் குடுத்து வாங்குனே?"

லியாண்டர் வண்டியின் பக்கம் பார்த்தார். டிரெனிட்டும் பார்த்தாள். தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"உங்க அப்பா வண்டியையா? முட்டைகூடப் போடாதேய்யா இது!"

"அத்தே, நீங்களாவது எசேக்கியா மாமாகிட்ட எடுத்துச் சொல்லுங்க," என்று லியாண்டர் வாசலைப் பார்த்துக் கெஞ்சினார். நுழைவுச்சீட்டு மேசையில் அவருடைய அப்பாவின் தங்கை பிரிட்டானியா உட்கார்ந்திருந்தாள். காதில் ரேடியோவின் ஒயர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சீட்டுக் கிழிப்பது உபதொழில்; குதிரைப் பந்தயம் கேட்பதுதான் வேலை.

"ரேஸ் ஓடுது," என்றாள் அத்தை, கையைக் காட்டி.

சரி, மூளையைத்தான் நம்ப வேண்டும் என்று லியாண்டர் முடிவு செய்தார். அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது.

வெளியே வேலியில் பென்ஃபோல்டின் கறுப்பு வெள்ளைப் பெட்டைக் குதிரை கட்டியிருந்தது. குதிரை இல்லாவிட்டால் வண்டியை எப்படி இழுத்துக்கொண்டு போவார்? லியாண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மாமா, உங்க குதிரை நல்லாத்தான் இருக்கு. என்ன, கொஞ்சம் வயசாயிடுச்சு."

"வாயைத் திறந்து பல்லைப் பாரு. உன் பல்லைவிட நல்லா இருக்கும்."

"வளைவுக்கூரை வண்டியைத் தர்றேன். குதிரையைத் தர்றீங்களா?"

"வேணாம்யா," என்றாள் டிரெனிட்.

"நீ சும்மா இரு. இது யோசனை."

பேரம் நடந்தது. நிஜப் பேரம். லியாண்டர் தன்னையறியாமல் குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்த்தார், விலாவில் காதை வைத்துக் கேட்டார், வெறுத்தது போலக் காறித் துப்பினார். வண்டி வாழ்க்கையை விட்டுக் கல் வீட்டில் குடியேறி எத்தனையோ வருஷமாக வாரம் ஒருமுறை நடித்துக்காட்டிய சங்கதிகள் எல்லாம் உடம்புக்குள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டன. கை மேல் கை விழுந்தபோது உள்ளங்கை எரிந்தது. எரிந்தது நன்றாக இருந்தது.

"இப்ப எதை வெச்சு இழுப்பீங்க மாமா?" என்றார் வெற்றிப் புன்னகையோடு.

"மாப்பிள்ளைகிட்ட டிராக்டர் இருக்கு. ஒத்தை வண்டிதானே, குதிரை போதும்னு நெனச்சிருந்தேன். இப்ப ரெண்டாயிடுச்சு. டிராக்டர்தான் சரி." கிழவர் செல்போனை எடுத்தார்.

டிரெனிட் தேநீர்த் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குள் குதிரை கயிற்றை உருவிக்கொண்டு கொட்டகைக்குள் புகுந்து, முன்னால் போனவர்கள் பின்னால் வருபவர்களுக்கு வழிகாட்ட முச்சந்திகளில் விட்டுச்செல்லும் புல் முடிச்சுகளின் காட்சியைத் தின்றுவிட்டது. 'நூறாண்டுப் பழமை வாய்ந்தவை' என்று அதன் கீழே எழுதியிருந்தது. போன வாரம் லியாண்டர் பின்பக்கப் பள்ளத்தில் அறுத்து முடிந்தவை. குதிரைக்கு அந்த வித்தியாசம் தெரிந்துதான் இருந்தது. அவ்வளவு ருசித்துத் தின்றது.

மூளை தோற்ற இடத்தில் மனசு ஜெயிக்கும் என்று லியாண்டர் நினைத்தார். கொட்டகைக்குப் பின்னால் நெருப்பு மூட்டினார். டிரெனிட் முந்தின நாள் துணியில் கட்டி வேகவைத்திருந்த பன்றிக்கறிப் புட்டைச் சூடாக்கி எடுத்து வந்தாள். புகை தரையோடு படர்ந்தது. கிழவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நெருப்பையே பார்த்தார்.

"பீர்ல கசப்புக்குப் போடுற பூவைப் பறிக்க வருவோமே, ஞாபகம் இருக்கா?" என்றார் லியாண்டர்.

"இல்லாம? செப்டம்பர்ல இந்த ரோடு முழுக்க நம்ம வண்டிதான். பூப்பறிச்ச கையில சோறு தின்னா சோறே கசக்கும்."

"கசக்கும். எங்கம்மா எலுமிச்சம்பழம் வெச்சு எங்க கையைத் தேய்ப்பாங்க."

"உங்கப்பன் பிடில் வாசிப்பான். கண்றாவியா வாசிப்பான். ஆனா நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வராது. போலீஸ்காரன் வந்து கிளம்புங்கன்னு சொல்ல வந்தவன், ஒரு பாட்டு முடியட்டும்னு நின்னான். அப்புறம் வேகமா கிளம்பச் சொன்னான்."

இருவரும் சிரித்தார்கள். டிரெனிட்டும் சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்க நெருப்பைக் கிளறினாள்.

"ராத்திரி மழை பேஞ்சா வண்டிக் கூரைல கேக்குற சத்தம் இருக்கே மாமா. கல்வீட்டுல அது வரமாட்டேங்குது. மழை வேற யார் வீட்டுலயோ பெய்யுற மாதிரி இருக்கு."

கிழவர் மெல்வதை நிறுத்தினார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். செத்தவன் வண்டியை எப்படி எரிக்காம விட்டீங்க? எங்கப்பன் போனப்ப வண்டி, உடுப்பு, கோப்பை எல்லாத்தையும் நெருப்புலதான் குடுத்தோம். ஜன்னல் கண்ணாடி வெடிச்ச சத்தம் இன்னும் என் காதுல இருக்கு."

லியாண்டர் தொப்பியைக் கழற்றினார். இது நாடகமில்லை. "அப்பா சாகறப்ப எனக்கு இருபது வயசு. குதிரை உதைச்சு, கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரில கிடந்தேன். மண்ணு போடக்கூட வர முடியல. அத்தைதான் பக்கத்துல இருந்தாங்க. 'எரிக்காதீங்க, வண்டி லியாண்டருக்கு'ன்னு அப்பா கடைசியாச் சொன்னாராம். ஊர் வழக்கத்தையே எனக்காக மீறியிருக்கார் மனுஷன். போய்ட்டு வாங்கன்னு அவர்கிட்ட நான் சொல்லல மாமா. அந்த வண்டிகிட்டதான் தினமும் சொல்றேன்."

நெருப்பில் ஒரு கட்டை சரிந்தது. எசேக்கியா பென்ஃபோல்ட் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று லியாண்டர் நினைத்தார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கணும் தம்பி," என்றார் கிழவர் கரகரத்த குரலில். "நான் ஏதோ சாதாரண வண்டின்னு நெனச்சு, சேவல் விலைக்குத் திருப்பித் தந்திருப்பேன். இப்ப எப்படித் தர்றது? உங்கப்பன் கடைசி ஆசைக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"மாமா!"

"சேவல் விலைக்கு இதை விட்டேன்னா உங்கப்பன் ஆவி என்னைத் தூங்க விடாது."

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீட்டிச் சொல்ல டிரெனிட்டுக்கு மட்டுமே உரிமை உண்டு. வண்டியை மீட்க, அப்பாவின் மரியாதைக்காகக் குதிரை திரும்பிப் போயிற்று. மரியாதைக்கு அது போதவில்லை என்று சேணங்கள் போயின. கெட்டில்கள் போயின. கெட்டில் தொங்கவிடும் இரும்பும் போயிற்று, கெட்டில் இல்லாமல் அதற்கு இங்கே என்ன வேலை என்பதால். ஒவ்வொரு முறையும் லியாண்டர் உயிரைக் கொடுத்துப் பேரம் பேசினார். ஒரு கடிவாளத்தைக் காப்பாற்றப் பாடுபட்டு, அந்த சந்தோஷத்தில் மூன்று விளக்குகளை விட்டுக்கொடுத்தார்.

கடைசியில் கிழவரின் பார்வை தங்க விளிம்புத் தட்டுகளின் மேல் போய் நின்றது.

"அது என்னோடது," என்றாள் டிரெனிட். "எங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்தது."

லியாண்டர் தலையைக் குனிந்துகொண்டார். "அது வேண்டாம் மாமா. அதைக் கேக்காதீங்க. வண்டியை எடுத்துட்டுப் போங்க."

அன்றைக்கு முழுவதும் அவர் சொன்னவற்றில் தனிக்குரல் கலக்காமல் வந்த வார்த்தைகள் அவைதான். டிரெனிட் அலமாரியிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் துடைத்து, செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே?"

"வண்டி போயிடுச்சுன்னா நீ அடுத்த ஞாயித்துக்கிழமை படுக்கையை விட்டு எந்திரிக்க மாட்டே. உன்னையும் தூக்கி வெச்சுக் கழுவ என்னால ஆகாது. தட்டு போனா கழுவுற வேலை மிச்சம். போகட்டும்." மூக்கை உறிஞ்சினாள். "மாமா, கைய நீட்டுங்க. இந்த அறை நான் அறையறேன்."

அவள் அறைந்த அறையில் கிழவர் ஓரடி பின்வாங்கினார். அன்று அவருக்கு ஏற்பட்ட ஒரே நஷ்டம் அது.

டிராக்டர் வந்தது. வளைவுக்கூரை வண்டியைப் பின்னால் பூட்டி, அதனுள் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். குதிரை பின்னால் கட்டப்பட்டு நடந்தது. புறப்படும்போது பென்ஃபோல்ட் வாசலுக்கு மேலே இருந்த பலகையை அண்ணாந்து பார்த்தார். 'ரோமானி மரபு அருங்காட்சியகம்.'

"தம்பி, பொருள் எல்லாம் என்கிட்ட இருக்கு. பலகை உனக்கு எதுக்கு?"

"எதுக்குத் தர்றது மாமா? பதிலுக்கு என்ன தருவீங்க?" லியாண்டரின் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"சேவலுக்குத் தீனி."

அறைந்தார்கள். பலகையும் போயிற்று.

கொட்டகை பெரிதாகிவிட்டது போலிருந்தது. பேசினால் எதிரொலித்தது. முதியோர் சங்கம் எப்போதோ பேருந்து ஏறிவிட்டிருந்தது. நடுவில் அப்பாவின் வண்டி மட்டும், அவிழ்ந்து கிடந்த சிவப்புக் கயிற்றுக்குள், பச்சையும் தங்கமுமாக நின்றது. லியாண்டர் அதன் படியில் உட்கார்ந்தார். டிரெனிட் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடம் போதவில்லை, யாரும் நகரவில்லை.

"அப்பா," என்றார் லியாண்டர், சக்கரத்தைத் தடவியபடி. தனிக்குரல் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. "உங்கள் கடைசி ஆசையைக் காப்பாற்றிவிட்டேன். எல்லாம் போகட்டும். இந்த ஒன்று போதும். இது ஒன்றே ஓர் அருங்காட்சியகம்."

கடைசிப் பந்தயம் முடிந்திருந்தது. பிரிட்டானியா அத்தை காதிலிருந்து ஒயரைக் கழற்றிச் சுருட்டினாள். வெறும் சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்கடா எல்லாம்?"

"குடுத்துட்டேன் அத்தே. அப்பா வண்டிக்காக."

"எது, இதுக்கா?" அத்தை எழுந்து வந்து, ஊன்றுகோலால் சக்கரத்தைத் தட்டினாள். "அடப்பாவி. உங்கப்பன் வண்டியை மண்ணு போட்ட மறுநாளே எரிச்சாச்சு. எரிக்காம விட நாங்க என்ன கல்வீட்டுக்காரங்களா? நீ ஆஸ்பத்திரில வண்டி எங்க, வண்டி எங்கன்னு அழுதே. பாக்க சகிக்கல. கடற்கரை ரோட்டுல ஒரு பப் வாசல்ல அதே மாதிரி ஒண்ணு நின்னுச்சு, ஒரு சைக்கிளைக் குடுத்து மாத்திட்டு வந்தேன். பச்சை பெயிண்ட் நான்தான் அடிச்சேன்."

தகரக்கூரை மேல் ஏதோ பறவை நடந்துபோகும் சத்தம் கேட்டது. லியாண்டர் படியிலிருந்து எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். கேட்பதற்கு எத்தனையோ இருந்தன. வாயில் வந்தது வேறு.

"பப் வாசல்ல இது... என்ன பண்ணிட்டிருந்துச்சு அத்தே?"

"ஐஸ்கிரீம் வித்துட்டிருந்தாங்க," என்றாள் அத்தை. "வெனிலா மட்டும்தான்."